34,150 ரூபாய் எங்கே போனது? மட்டக்களப்பு வார இறுதி வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பில் கணக்கீடு படிப்பிக்கிறவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எப்படியும் ஒரே இடத்துக்கு வந்துவிடும். இப்போது வருகிற பிள்ளைகளுக்குக் கணினி தெரியும், கணக்குத் தெரியாது. வயது வந்த மாணவர்களுக்குக் கணக்குத் தெரியும், கணினி தெரியாது என்பார்கள். கேட்கும்போது சரி போலத்தான் இருக்கும். ரோனியோ இயந்திரத்தில் பிரதி அடித்த தாள் காலத்தில் தொடங்கி சட்ஜிபிடி காலம் வரை வகுப்பில் நிற்கிற எனக்கு இந்தப் பிரிப்பு ஒரு நாளும் உதவியதில்லை, மாணவர்களுக்கு இது ஒரு அநியாயமும் கூட. எந்தத் தலைமுறைக்கும் அது பழகிய கருவி சத்தமில்லாமல் செய்து கொடுத்த ஒரு வேலை இருக்கும். அந்த வேலைதான் அவர்களுக்குத் தெரியாமல் போகிற இடம். அது எது என்று கண்டுபிடித்தால் படிப்பிக்கலாம். இல்லாவிட்டால் ஐம்பது வயதுக்காரருக்கு மவுஸ் பிடிக்கவும் இருபது வயதுக்காரருக்கு வரவு செலவும் வருடா வருடம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதை ஒரு குழு செய்த ஒப்படையை வைத்துச் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வகுப்பும் குழுவும்

எங்களுடைய டிப்ளோமா வகுப்பு சனி, ஞாயிறில் நடக்கும். வார இறுதி வகுப்பு என்பதால் உயர்தரம் முடித்துவிட்டு வருகிற பிள்ளைகளும், வேலை பார்த்துக்கொண்டே பதவி உயர்வுக்காகப் படிக்கிறவர்களும் ஒரே மேசையில் இருப்பார்கள். நான் சொல்லப்போகிற குழுவில் நாலு பேர். ஒருவர் களுவாஞ்சிகுடிப் பக்கம், ஓர் அரச அலுவலகத்தில் சிறாப்பர், அதாவது காசாளர், ஓய்வுக்கு இன்னும் கொஞ்சக் காலம்தான். அடுத்தவர் டவுனில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை செய்கிற முப்பதுகளில் உள்ள பெண். மூன்றாவது, வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து வருகிற மாணவி, உயர்தரம் முடித்து அதிக காலம் ஆகவில்லை. நாலாவது மருதமுனைப் பையன், அவருடைய மாமி வீட்டோடு சின்னதாகக் கைத்தறி வைத்துச் சாரம் (லுங்கி) நெய்விக்கிறார்.

ஒப்படை இதுதான்: உண்மையான ஒரு சிறு தொழிலின் மூன்று மாதக் கணக்கை எடுத்து, கொடுக்கல் வாங்கலை முதலில் பதிகிற நாளேட்டிலிருந்து இறுதிக் கணக்கு வரை செய்து எக்செல்லில் ஒப்படைக்க வேண்டும். புத்தகத்துப் பயிற்சிகளில் இலக்கங்கள் வரிசையாக நிற்கும், நிஜத் தொழிலில் அப்படி நிற்காது. நூல் கடை பில், சாயப் பில், நெசவாளருக்குக் கொடுத்த கூலி எழுதின கொப்பி, கடனுக்குச் சாரம் கொண்டுபோன கடைகளின் பெயர் எழுதின இன்னொரு கொப்பி. கொஞ்சப் பில்கள் மாமியின் வட்ஸ்அப்பில் படமாக மட்டும் இருந்தன. எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு நாலு பேரும் வேலையைப் பிரித்தார்கள். சிறாப்பர் கையில் இருந்த பில்களைத் தானே எக்செல்லில் அடித்தார், மெதுவாக, ஒரு விரலால், ஆனால் ஒன்றும் விடாமல். மாணவி வட்ஸ்அப் படங்களைப் பார்த்துப் பதிந்தார், கடைசியில் முழுத் தாளையும் அழகாக்கிக் கொடுத்ததும் அவர்தான்.

வித்தியாசம்

கொள்வனவுப் பக்கம் எக்செல்லில் 452,200 ரூபாய் என்று வந்தது. சிறாப்பருக்கு அது போதவில்லை. பில்களையும் படங்களையும் வரிசையாக வைத்து ஃபுல்ஸ்காப் தாளில் தானே ஒருமுறை கூட்டினார். 486,350 வந்தது. வித்தியாசம் 34,150.

மருதமுனைப் பையன் உடனே சொன்னார், எக்செல் பிழை விடாது, அங்கிள் கூட்டினதில்தான் பிழை இருக்கும் என்று. சிறாப்பர் கோபப்படவில்லை, திரும்பவும் கூட்டினார், அதே தொகை. நிதி நிறுவனத்தில் வேலை செய்கிறவர் வித்தியாசத்தைத் தொங்கல் கணக்கில், அதாவது காரணம் தெரியும் வரை தற்காலிகமாக ஒதுக்கி வைக்கிற கணக்கில், போட்டுவிட்டு மேலே போவோம் என்றார். கணக்கீட்டில் அதற்கு இடம் இருக்கிறதுதான், ஆனால் 34,150 ரூபாயைத் தொங்கவிட்டால் மாமியின் இலாபம் எவ்வளவு என்று யாரும் சொல்ல முடியாது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், வாய் திறக்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் ஆசிரியர் விடையைச் சொல்லிவிட்டால் அந்த ஒப்படைக்காக அலைந்த அலைச்சல் எல்லாம் வீண்.

சிறாப்பர் செய்ததைக் கவனியுங்கள், இன்றைக்குப் பாடப்புத்தகங்களில் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. வித்தியாசத்தை முதலில் இரண்டால் பிரித்தார், 17,075. அந்தத் தொகை எங்காவது இருக்கிறதா என்று தேடினார். கணக்கீட்டில் வரவு, செலவு என்பது கணக்கின் இரண்டு பக்கங்கள், இரண்டும் சமனாக வர வேண்டும்; ஒரு தொகையை வரவுக்குப் பதிலாகச் செலவுப் பக்கம் எழுதிவிட்டால் வித்தியாசம் அந்தத் தொகையின் இரு மடங்காக வரும், அதனால்தான் பாதியைத் தேடுவது. கிடைக்கவில்லை. அப்புறம் ஒன்பதால் பிரித்துப் பார்த்தார், பிரியவில்லை. இலக்கம் இரண்டை இடம் மாற்றி எழுதிவிட்டால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியின்றிப் பிரியும், 63-ஐ 36 என்று எழுதினால் வித்தியாசம் 27. இது கையால் பேரேடு (கணக்கு வாரியாகப் பதிவுகளைப் பிரித்து எழுதுகிற ஏடு) எழுதின ஆட்களின் கைவசம் இருந்த வித்தை. இரண்டும் சரிவராததால், பிழை ஒன்றுக்கு மேல் கிடக்கலாம் என்றார்.

வெல்லாவெளி மாணவி அதுவரைக்கும் ஒன்றும் பேசவில்லை. எக்செல் நிரலை மேலிருந்து மெதுவாகக் கீழே இழுத்துத் தெரிவு செய்துகொண்டே போனார். அப்படித் தெரிவு செய்யும்போது திரையின் அடியில் கூட்டுத்தொகை ஓடிக்கொண்டே வரும். சில கலங்களில் அது ஓடவில்லை. “அங்கிள், நீங்க அடிச்ச இடம் வரக்குள்ள தொகை அசையுதில்ல” என்றார். அந்தக் கலங்களைத் திறந்து பார்த்தால் 4,500/= என்று இருந்தது.

நம்முடைய நாட்டில் ரூபாய்த் தொகை எழுதினால் பின்னால் ஒரு சாய்கோடும் இரண்டு கோடும் போடுவோம். பற்றுச்சீட்டிலும் காசோலையிலும் அது சும்மா அலங்காரத்துக்கு இல்லை, பின்னால் இன்னொரு இலக்கத்தை யாரும் சேர்க்க முடியாமல் போடுகிற பூட்டு. சிறாப்பராகக் காசு எண்ணிக் கொடுத்த மனிதருக்கு அது கையில் ஊறிப்போனது. எக்செல்லுக்கோ அந்தக் குறி வந்தவுடன் அது தொகை இல்லை, வெறும் எழுத்து. கூட்டும்போது எழுத்தைத் தாண்டிப் போய்விடும், பிழை என்று சொல்லாது. வெறும் இலக்கம் எழுத்தாகச் சேமிக்கப்பட்டால் மூலையில் வருகிற சின்னப் பச்சை முக்கோணம் கூட இதற்கு வராது. ஒரே ஒரு தடயம் உண்டு: இலக்கங்கள் கலத்தின் வலப்பக்கம் ஒதுங்கி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். மாணவி தாளை அழகாக்குவதற்காக எல்லா நிரல்களையும் நடுவுக்குக் கொண்டுவந்திருந்தார், அதில் அந்தத் தடயமும் போய்விட்டது.

குறிகளை எடுத்துவிட்டதும் 31,450 ரூபாய் திரும்பி வந்தது. மொத்தம் 483,650. மிச்ச வித்தியாசம் 2,700.

சிறாப்பர் தாளைக் கூடப் பார்க்கவில்லை. “இது ஒன்பதால பிரியும். இனி இடம் மாறின இலக்கத்தைத் தேடுங்க மகள்” என்றார். வட்ஸ்அப் படங்களில் ஒரு நூல் பில், 8,530. எக்செல்லில் 5,830 என்று இருந்தது. முதல் வித்தியாசத்தில் அரை மணித்தியாலத்துக்கு மேல் மினக்கெட்ட குழு, இரண்டாவதைத் தேநீர் ஆறுவதற்குள் முடித்தது.

யார் எங்கே தடக்கினார்கள்

இந்த நிகழ்வை நான் திரும்பத் திரும்ப யோசித்ததற்குக் காரணம் சிறாப்பரோ மாணவியோ அல்ல, வயதில் நடுவில் இருந்த நிதி நிறுவனத்துப் பெண். அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினியில் வேலை, ஆங்கிலமும் நல்லது, எல்லாரும் அவரைத்தான் குழுவின் பலம் என்று நினைத்தோம். ஆனால் வித்தியாசம் வந்தபோது அதிகம் தவித்தது அவர்தான். காரணம் சொன்னால் விளங்கும். 2009-க்குப் பிறகு கிழக்கில் வங்கிக் கிளைகளும் நிதி நிறுவனக் கிளைகளும் வரிசையாகத் திறந்தன, அங்கே வேலைக்குப் போனவர்கள் மென்பொருளில்தான் கணக்கைக் கண்டார்கள். அந்த மென்பொருள் வரவும் செலவும் சமனாகாத பதிவை ஏற்காது. பரீட்சை மீதி, அதாவது எல்லாக் கணக்கு மீதிகளின் வரவும் செலவும் ஒத்துவருகிறதா என்று பார்க்கிற பட்டியல், சமனாகாமல் நிற்பதை அவர் புத்தகத்தில் படித்திருக்கிறார், கண்ணால் கண்டதில்லை. காணாத நோய்க்கு மருந்து தேடும் பழக்கம் எப்படி வரும்?

அவருக்கு முந்தின ஒரு தொகுதி இருந்தது, அதையும் இங்கே சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26-இல் கடல் வந்த பிறகு கல்லடியிலிருந்து கல்முனை வரைக்கும் தொண்டு நிறுவனங்கள் வந்து இறங்கின. கணக்குப் படித்த பிள்ளைகளுக்கு உடனே வேலை. எக்செல் எங்கள் பக்கத்தில் பரவலானது அந்தக் காலத்தில்தான், படிப்பித்ததால் அல்ல, நன்கொடையாளர் அனுப்பின படிவங்களால். படிவம் வரும், பூட்டின கலங்களோடு வரும், நீங்கள் வெள்ளைக் கலங்களை நிரப்பினால் போதும். அந்தத் தொகுதி மாணவர்கள் அழகாக நிரப்புவார்கள். வெற்றுத் தாளைக் கொடுத்து ஒரு காசேட்டை நீயே அமை என்றால் திகைப்பார்கள். அமைக்கிற வேலையைப் படிவம் செய்து கொடுத்துவிட்டது.

அதற்கும் முன்னால், தொண்ணூறுகளில், கையால் எழுதினோம். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து வருகிற பிள்ளைகள் குருமண்வெளிப் பாதையில் (வாவியைக் கடக்கிற மிதவை) ஏறி, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி வருவார்கள், வகுப்பு முடியும் நேரத்துக்கு வந்து சேர்ந்தவர்களும் உண்டு. ரோனியோவில் அடித்த டியூட் (பாடக்குறிப்பு) தாளை ஒருவர் கொண்டுபோய் ஊரில் எல்லாரும் பார்த்து எழுதுவார்கள். அந்தத் தலைமுறைக்குக் கடதாசி செய்து கொடுத்த வேலை, எல்லாவற்றையும் கண்ணுக்கு முன்னால் வைத்தது. வெட்டினால் வெட்டு தெரியும், திருத்தினால் திருத்தம் தெரியும். அதனால் கண்ணுக்குத் தெரிவது போலவே இயந்திரமும் படிக்கும் என்று நம்புகிறார்கள், 4,500/= அப்படித்தான் வந்தது.

போன் தலைமுறைக்கு வந்தால், 2020-இல் எல்லாம் மூடியபோது எங்களுடைய வகுப்பு வட்ஸ்அப்பில்தான் ஓடியது. குரல் பதிவு அனுப்புவேன், அவர்கள் கொப்பிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவார்கள், சிக்னல் கிடைக்காத பிள்ளைகள் இரவில் கிடைக்கும்போது கேட்பார்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்த காலத்தில் மடிகணினி செத்துவிடும், போன் மட்டும் கொஞ்சம் உயிரோடு இருக்கும். இவர்கள் படித்து வந்த வழி அது. கோப்பை அனுப்பு என்றால் திரையைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள் என்று சில ஆசிரியர்கள் கோபப்படுகிறார்கள். போனில் கோப்பு எங்கே கிடக்கிறது என்று யாரும் அவர்களிடம் கேட்டதே இல்லை, தேடினால் வரும், அவ்வளவுதான். கோப்புறைக்குள் கோப்புறை வைத்து, திகதி போட்டுப் பெயர் வைப்பது அவர்களுக்குப் புதுப் பாடம். அதைப் பாடமாக எடுத்துப் படிப்பித்தால் வேகமாகப் பிடிக்கிறார்கள்.

ஒப்படையில் மாற்றியவை

அடுத்த தொகுதிக்கு ஒப்படையை மாற்றினேன். தொகை நிரலில் வெறும் இலக்கம் மட்டும், ரூபாய் என்பது தலைப்பில். ஒவ்வொரு வரிக்கும் பில் இலக்கம், படமாக இருந்தால் படக் கோப்பின் பெயர். நிரலை நடுவுக்குக் கொண்டுவரக் கூடாது. எக்செல்லில் கவுண்ட் என்றால் இலக்கம் உள்ள கலங்களை மட்டும் எண்ணும், கவுண்ட்ஏ என்றால் ஏதாவது உள்ள எல்லாக் கலங்களையும் எண்ணும், இரண்டையும் நிரலின் அடியில் போட வைத்தேன். இரண்டும் ஒத்துவராவிட்டால் எங்கோ இலக்கம் என்ற பெயரில் எழுத்து உட்கார்ந்திருக்கிறது. இந்த ஒரு சோதனை எங்கள் வகுப்பில் பிடித்துக் கொடுத்த பிழைகள் நிறைய.

இருக்கையையும் மாற்றினேன். வயது கூடினவர் தட்டச்சு செய்ய வேண்டும், இளையவர் பில்லைப் படித்துக் கொடுத்துக் கையால் பேரேடு எழுத வேண்டும். எல்லாரும் தங்களுக்கு வராததைச் செய்ய வேண்டும் என்பதுதான் நோக்கம். இது எல்லாக் குழுவிலும் நல்லபடி நடக்கவில்லை. ஒரு குழுவில் ஒரே அலுவலகத்து மேலதிகாரியும் அவருக்குக் கீழே வேலை செய்கிற பிள்ளையும் சேர்ந்துவிட்டார்கள். திங்கட்கிழமை “சேர்” என்று எழும்பி நிற்க வேண்டிய ஆளின் பிழையை ஞாயிற்றுக்கிழமை எப்படிச் சுட்டிக்காட்டுவது? அந்தப் பிள்ளை பிழையைக் கண்டும் பேசாமல் இருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இப்போது ஒரே அலுவலகத்துக்காரரை ஒரே குழுவில் போடுவதில்லை. மரியாதை எங்கள் ஊரில் நல்ல விஷயம், கணக்குச் சரிபார்க்கும் மேசையில் அது குறுக்கே வந்தால் ஆட்களைப் பிரித்து இருத்தத்தான் வேண்டும்.

பெரிய மாற்றம் வாய்மொழிப் பரீட்சை. இறுதிக் கணக்கில் ஏதாவது ஒரு தொகையை நான் தொடுவேன், அந்தத் தொகை எந்தப் பேரேட்டிலிருந்து வந்தது, எந்த நாளேட்டுப் பதிவு, எந்தப் பில், எடுத்துக் காட்டு. குழுவில் யாரையும் கேட்பேன். நிதி நிறுவனத்துப் பெண்ணிடம் இதை முதலில் சோதித்துப் பார்த்தபோது அவர் இரண்டாவது படியில் நின்றுவிட்டார். அதற்குப் பிறகு அவர் தன் அலுவலக மென்பொருளிலேயே ஒவ்வொரு அறிக்கையிலிருந்தும் பின்னால் நடந்து பழகினார், முடிவில் அந்தக் குழுவில் நன்றாகப் பதில் சொன்னது அவர்தான். இதில் செலவும் இருக்கிறது: நேரம். வார இறுதி வகுப்பில் ஒவ்வொரு குழுவையும் இருத்திக் கேட்பதென்றால் ஒரு பாடத்தின் நேரம் போய்விடும். நான் பயிற்சிக் கணக்குகள் சிலவற்றைக் குறைத்து அந்த நேரத்தை எடுத்தேன். அது சரியான பேரம் என்றே நினைக்கிறேன்.

சட்ஜிபிடி வந்த பிறகு

2022 நவம்பர் கடைசியில் சட்ஜிபிடி வெளிவந்தது, எங்கள் வகுப்புக்குள் வந்து சேர அதிக காலம் எடுக்கவில்லை. இப்போது பில்லைப் படம் எடுத்துக் கொடுத்தால் நாளேட்டுப் பதிவே எழுதி வருகிறது. தடை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, வீட்டில் செய்கிற ஒப்படையில் தடையை யார் பார்ப்பது? ஆனால் மருதமுனைக் கணக்கில் ஒரு இடம் இருந்தது, அதை இப்போது எல்லாத் தொகுதிக்கும் காட்டுகிறேன். மாமி தன் மகளின் கலியாணத்துக்கு வந்த உறவினருக்குக் கொஞ்சச் சாரங்களை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். அதற்குப் பில் இல்லை, கொப்பியில் வரி இல்லை. தொழிலின் சரக்கை உரிமையாளர் சொந்தத் தேவைக்கு எடுத்தால் அது எடுப்பனவு, கொள்வனவில் கழிக்க வேண்டும், இல்லாவிட்டால் இலாபம் குறைந்துபோய் நிற்கும். அந்தத் தகவல் எந்தப் படத்திலும் இல்லாததால் எந்தச் செயலியும் எழுதித் தராது. பையனுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. சிறாப்பர்தான் மாமியின் வீட்டில் தேநீர் குடிக்கும்போது “வீட்டுத் தேவைக்கு ஏதும் எடுத்தீங்களா?” என்று கேட்டார், கேட்டதால் வந்த தகவல்.

அதனால் இப்போது ஒப்படையோடு ஒரு பக்கம் கேட்கிறேன்: உரிமையாளரிடம் நீங்கள் கேட்ட கேள்விகள், அவர் சொன்ன பதில்கள், அந்தப் பதிலால் மாறின பதிவுகள். சட்ஜிபிடியைப் பாவித்திருந்தால் அது எழுதின பதிவையும், நீங்கள் மாற்றினதையும், ஏன் மாற்றினீர்கள் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள் என்கிறேன். மாற்ற ஒன்றும் இல்லை என்று வருகிற குழுவிடம்தான் வாய்மொழியில் அதிகம் கேட்பேன்.

ஒரு குழுவையும் அதைத் தொடர்ந்த சில தொகுதிகளையும் வைத்து எழுதினது இது. வேறு பாடம் படிப்பிக்கிறவர்களுக்கு எக்செல் பகுதி தேவைப்படாது. அடுத்ததாக அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு நெல் ஆலையின் கணக்கை எடுக்கப்போகிறோம். அங்கே பில்லில் ஒரு இடத்தில் மூட்டை என்று இருக்கும், இன்னொரு இடத்தில் கிலோ, பழைய ஆட்களின் கொப்பியில் மரைக்கால், அவணம் என்ற பழைய நெல் அளவைகளும் வரும். அளவை ஒரு நிரலிலும் அலகை இன்னொரு நிரலிலும் பிரித்து எழுதச் சொல்லித்தான் முதல் சனிக்கிழமையே தாளைக் கொடுக்கப்போகிறேன். அவணத்தை இளம் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துகிற பொறுப்பை வகுப்பில் வயல் செய்கிற இரண்டு பேர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள்.